முளைகட்டாத தானியமும் வீட்டுப் பீரும்

பீர் பெரும்பாலும் முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்து, அதாவது மால்ட்டிலிருந்து, செய்யப்படுவது. மேனாடுகளில் இதனை வீட்டிலேயே தயாரிப்போர் அரிசி, மக்காச்சோளம், ஓட்ஸ் முதலிய முளைகட்டாத தானியங்களையும் சேர்ப்பதுண்டு. இவற்றுள் சிலவற்றை அப்படியே இடலாம். சிலவற்றை முன்னரே வேகவைத்தாக வேண்டும். காரணம் யாது?

ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும். ஆனால் தானியத்தில் மிகுந்திருப்பது மாப்பொருளே. அதனைச் சர்க்கரையாக்கும் என்ஸைம்கள் விதை முளைக்கும்போது பெருகுகின்றன. 1833-ஆம் ஆண்டில் பாயன், பெர்சோ என்ற பிரெஞ்சு இரசாயன அறிஞர்கள் மால்ட்டிலிருந்து பிரித்தெடுத்த 'டயாஸ்டேஸ்' இத்தகையதே. முளைகட்டாத தானியத்தில் இச்சக்தி போதாது. ஆகவே அது மால்ட்டின் என்ஸைமை இரவல் பெறுகிறது.

ஆயினும் மாப்பொருள் வெந்து விரிந்தாலன்றி என்ஸைம் அதனை எளிதில் தாக்காது. பார்லி மாப்பொருள் சுமார் 60 முதல் 65 டிகிரி சென்டிகிரேடில் வேகும். என்ஸைம்களுக்கும் ஏறக்குறைய அச்சூடே உகந்தது. மக்காச்சோளத்திற்கும் பலவகை அரிசிக்கும் 70 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ சூடு வேண்டும். அதில் என்ஸைம்கள் அழியத் தொடங்கும். எனவே அவற்றைத் தனியே கஞ்சியாகக் காய்ச்சி, ஆற்றிச் சேர்க்கின்றனர். ஆவியில் வேகவைத்து உருளைகளால் நசுக்கிய தானியமும், நம் நாட்டுப் பொரியும் முன்னரே வெந்தவை, அப்படியே இடலாம்.

சிக்கிமில் வழி வேறு. அங்குக் கேழ்வரகை முளைகட்டாமலே வேகவைத்து, ஆறியபின் 'மர்ச்சா' என்னும் மாவு வில்லையைப் பொடித்துத் தூவுவர். அதிலுள்ள பூஞ்சக்காளான்களும் சிலவகை ஈஸ்டுகளும் மாப்பொருளைச் சர்க்கரையாக்க, பிற ஈஸ்டுகள் அதனை நொதிக்கச் செய்கின்றன. முளை செய்யும் பணியை இங்கு நுண்ணுயிர் செய்கிறது.

ஆசிரியர்கள் மது தயாரிக்காமலே இத்தத்துவத்தை விளக்கலாம். நீர்த்த அரிசிக் கஞ்சியை 60 டிகிரி அளவுக்கு ஆற்றி, இரு குவளைகளில் ஊற்றுக. ஒன்றில் மட்டும் முளைக்கேழ்வரகு மாவை ஊறவைத்து வடித்த நீரைச் சேர்க்க. இரண்டையும் வெந்நீரில் அரைமணி நேரம் வைத்து, நன்கு குளிர்ந்தபின் அயோடின் துளி விடுக. முன்னதில் நீலநிறம் குன்றும், மற்றதில் நிலைத்திருக்கும்.

கிராம ஊழியர்களுக்கு இதனால் பெரும்பயன் உண்டு. கெட்டியான கஞ்சியில் சிறிது முளைமாவு கலந்தால் அது நீர்த்துவிடும். ஆதலால் நீரை மிகுக்காமல், மாவை மிகுத்தே குழந்தை விழுங்கத்தக்க கஞ்சி செய்யலாம். சிறு வயிறு கொள்ளும் அளவிலேயே கூடுதல் உணவு சேரும். முளைமாவு சேர்த்தபின் கஞ்சியை மீண்டும் கொதிக்கவைத்தே ஊட்டவேண்டும் என்பதைத் தாய்மார்களுக்குத் தவறாது கூறுக.