குறியாக்க மின்னஞ்சல்: கடவுத்தொடர் ஏற்கப்படாவிட்டால் என்ன செய்வது?

பிஜிபி முறையில் குறியாக்கம் செய்யப்பட்ட மின்னஞ்சலைத் திறக்கக் கேட்கப்படும் கடவுத்தொடரும், மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லும் ஒன்றல்ல. பயனரின் கணினியிலேயே சேமிக்கப்பட்டுள்ள ரகசியச் சாவியைத் திறப்பது இத்தொடர். மின்னஞ்சல் நிறுவனத்திடம் இதன் பதிவு இருப்பதில்லை. எனவே 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்ற வசதியும் இதற்குக் கிடையாது.

சரியான தொடரை உள்ளிட்டும் பிழைச் செய்தி வந்தால், முதலில் விசைப்பலகையைச் சந்தேகிக்கலாம். தட்டச்சு செய்பவை வெறும் புள்ளிகளாகத் தெரிவதால், கேப்ஸ் லாக் இயங்குவதோ வேறு மொழி விசைப்பலகை தேர்வாகியிருப்பதோ கண்ணில் படாது. நோட்பேட் போன்ற செயலியில் ஒருமுறை தட்டச்சு செய்து சரிபார்த்துவிட்டு, சேமிக்காமல் மூடிவிட வேண்டும். நகலெடுத்து ஒட்டும்போது இறுதியில் சேர்ந்துவிடும் இடைவெளியும் ஓர் எழுத்தாகவே கருதப்படும்.

உள்ளீட்டுப் பெட்டியே தோன்றாவிட்டால், அது பிற சாளரங்களுக்குப் பின்னால் மறைந்திருக்கக்கூடும். மாறாக, தொடரைக் கேட்காமலேயே மின்னஞ்சல் திறந்தால் அது கோளாறு அன்று. ஜிஎன்யுபிஜி மென்பொருள், தொடரைக் கடைசியாகப் பயன்படுத்தியதிலிருந்து 10 நிமிடங்களும், அடுத்தடுத்துப் பயன்படுத்தினால் அதிகபட்சம் 2 மணி நேரமும் இயல்பாக நினைவில் வைத்திருக்கும்.

எதுவும் பலனளிக்காத நிலையிலும் பழைய சாவியை அழிக்கக் கூடாது. அவசரத்தில் செய்யப்படும் இத்தவறைத் திருத்த வழியில்லை. புதிய சாவியை உருவாக்கிக் கொள்ளலாம். ஆனால் பழைய மின்னஞ்சல்களை அதனால் திறக்க இயலாது. தொடர் பின்னர் நினைவுக்கு வந்தாலும், பழைய சாவி இருந்தால் மட்டுமே அது பயன்படும்.