மழையங்கி மான்மியம்

கார்த்திகை மாதத்து மாலைப்பொழுது. மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியிலே, நாவுலச் சந்தியில், கடைத் தாழ்வாரம் ஒன்றில் ஒதுங்கி நின்றேன். வடகீழ்ப் பருவமழை தாரை தாரையாகப் பொழிந்துகொண்டிருந்தது. என் குடையோ காற்றுக்கு மலர்ந்து கம்பி முறிந்து கிடந்தது. அவ்வேளையில் மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞன் ஒருவன் என்னெதிரே இறங்கினான். தலைமூடியோடு கூடிய கருநீல மழையங்கி அவனை முழங்கால்வரை மூடியிருந்தது. மழைநீர் முத்து முத்தாகத் திரண்டு, ஓரிடத்தும் தங்காது உருண்டோடியது. கடை விளக்கின் ஒளி அதன் மடிப்புகளிலே நெளிந்தது. அவன் அதனை ஒருமுறை உதறினான், சரசரவென்றோர் ஓசை, உள்ளே பாடசாலை வெண்சட்டை போல் உலர்ந்த சட்டை! கண்ணெடுக்காது நோக்கி நின்ற என்னைக் கண்டு என் மாணவர் இருவர் நகைத்தனர். பண்டிதருக்கு ரெயின்கோட்டில் என்ன மோகம் என்று எண்ணினார்கள் போலும்.

மோகம் உண்டுதான், மறைப்பதற்கில்லை. அது இன்று நேற்றுத் தோன்றியதுமன்று.

மழைக்கென ஓர் உடை வேண்டுமென்னும் எண்ணம் தமிழருக்குப் புதிதன்று. சங்கச் செய்யுள்களில் வரும் முல்லை நிலத்து இடையன் கையிலே 'பறி' என்றொரு பொருள் இருக்கக் காண்கின்றோம். பனையோலையாற் செய்த பாய் அது. மழையிலே அவன் முதுகைக் காப்பது. 'கொங்காணி' என்னும் சொல்லும் மழைக்கு இடும் தலைமூடியைக் குறிப்பதாய் அகராதியில் இருக்கின்றது. இவ்விரு சொற்களையும் இன்றைய மாணவர் அறியார்; அறியாதது அவர் குற்றமன்று, நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. நம் நாட்டுக் கண்டி இராச்சியத்திலே தாளிப்பனையின் ஓலையே குடையும் கூடாரமுமாய் விளங்கிற்று. 1660 முதல் 1679 வரை அவ்விராச்சியத்திற் சிறையிருந்த றொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தமது நூலில், ஓரோலையை விரித்தால் பதினைந்து இருபது பேர் அதன்கீழ் மழைக்கு ஒதுங்கலாம் என்று வியந்து எழுதினார்.

ஓலை நீரைத் தடுக்கும். உடலோடு ஒட்டி வளையாது. துணி வளையும், நீரைத் தடுக்காது. இரண்டையும் ஒன்றாக்கியவர் ஸ்கொத்லாந்து தேசத்துச் சாள்ஸ் மக்கின்ரொஷ். இறப்பரை நப்தா என்னும் எண்ணெயிற் கரைத்து, இரு துணிகளுக்கிடையே பூசி ஒட்டி, 1823இல் அவர் காப்புரிமை பெற்றார். இன்றும் ஆங்கிலேயர் மழையங்கியை அவர் பெயராலேயே வழங்குவர். ஆயினும் அவ்வங்கி குளிரில் விறைத்தது, வெயிலில் பிசுபிசுத்தது, நாற்றமோ சகிக்க முடியாததாயிற்று. இறப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறை 1840களில் வந்த பின்னரே அக்குறை தீர்ந்தது.

அந்த இறப்பர் நம் மண்ணுக்கு வந்த கதை யாவரும் அறிந்ததே. 1876இல் ஹென்றி விக்கம் பிறேசிலிலிருந்து கொண்டு சென்ற ஏறத்தாழ 70,000 விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் இடப்பட்டன. முளைத்த கன்றுகள் கப்பலேறிக் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்திற் கால்கொண்டன. பின்னர் மாத்தளை மலைச்சரிவுகளிலும் இறப்பர் மரம் நின்றது. அம்மரத்திற் பால் வெட்டியவர்களுள் என் தந்தையாரும் ஒருவர்.

உலகத்தார் மழையில் நனையாதிருக்கப் பால் வெட்டியவர் அணிந்தது கம்பளி. அதன் மேலே, ஒரு மூலையை மற்ற மூலைக்குள் மடித்துக் கவிழ்த்த உரப்பை. சங்கத்து இடையன் பறியை ஏந்திய கோலத்துக்கும் இதற்கும் நான் பெரிய வேறுபாடு காணவில்லை. கம்பளி பொல்லாததென்று சொல்லமாட்டேன். ஆட்டுமயிர் தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் உடலுக்குச் சூடு தரும். ஆனால் நாள் முழுதும் நனைந்தால் ஒரு பிள்ளையைத் தோளிற் சுமப்பது போலிருக்கும் என்று அம்மா சொல்வார்.

மழை நாளிற் பால் வெட்டலாகாது. பட்டை நனைந்தால் பால் வெட்டுவாய் வழியே இறங்காது வழிந்தோடும். சிரட்டையில் விழுவதும் மழைநீரோடு கலந்து பாழாகும். அன்று தொழிலாளிக்கு அரைப் பேர். சில நாட்களில் அதுவுமில்லை. இதற்கொரு வழி கண்டார்கள். வெட்டுவாய்க்கு மேலே மரத்தைச் சுற்றிப் பொலித்தீனைப் பாவாடை போற் கட்டித் தார் போன்ற பசையால் ஒட்டிவிடுவது. எங்கள் தோட்டத்திற்கு அது வந்தது 1990களில். வேலை முடிந்து கம்பளியைப் பிழிந்துகொண்டே அப்பா சொன்னார்: "மரத்துக்குச் சட்டை தைச்சிட்டாங்க தம்பி. அடுத்து நமக்குத்தான்."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதுதான் நான் ஆசிரியனாகியிருந்தேன். முதற் சம்பளத்தில் மாத்தளைக் கடையொன்றிலே பச்சை நிற மழையங்கி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அது இறப்பரன்று, பி.வி.சி. இன்று கடைகளில் தொங்குபவையும் பெரும்பாலும் அதுவோ, பூச்சிட்ட நைலோனோதான்; இறப்பர் விளையும் நாட்டில் இறப்பர் அங்கி கிடைப்பது அரிது. நீராவியை வெளிவிட்டு மழையைத் தடுக்கும் நுண்துளைப் படலமும் உண்டு. 1969இல் றொபர்ட் கோர் என்பார் ரெஃப்லோனைச் சடுதியாக இழுத்து நீட்டியபோது பிறந்தது. அதன் துளை நீர்த்துளியினும் பல்லாயிரம் மடங்கு சிறிது. ஆனால் வெளியே காற்றும் ஈரம் நிறைந்து புழுங்கும் நம் நாட்டில் அதன் வித்தை முழுதும் பலிப்பதில்லை. விலையோ ஆசிரியர் கைக்கு எட்டாது.

அப்பா அந்தப் பச்சை அங்கியை இரு கைகளாலும் தடவிப் பார்த்தார். "பாம்புச் சட்டை மாதிரி இருக்குப்பா" என்றார். பொத்தான்களைப் போட்டார், கழற்றினார், மறுபடியும் போட்டார். மறுநாள் மழை. கம்பளியும் உரப்பையுமாகவே மலைக்குப் போனார். ஏனென்று கேட்டேன். பாற்கறை பட்டால் போகாது என்றார்.

பின்னொரு சம்பள நாளில், மழையின் அடையாளமே இல்லாத வெயிலில், அந்த அங்கியைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு அவர் மாத்தளைப் பட்டணத்துக்குப் போனதாக அம்மா சொன்னார். வியர்வையில் குளித்தே திரும்பினாராம்.

அவர் காலமான பின்னும் அது வீட்டு ஆணியில் தொங்குகின்றது. மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. பிரிக்கும்போது அதே சரசரப்பு. நாவுலச் சந்தியில் அந்த இளைஞன் உதறியபோது நான் கேட்டது அதனைத்தான்.