ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள்

சங்க அலுவலகங்கள் பலவற்றில் விண்டோஸ் 10 இயங்கி வருகிறது. அதற்குரிய வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11-ஐப் பழைய கணினிகள் பல ஏற்பதில்லை. புதியது வாங்க எல்லாச் சங்கங்களுக்கும் நிதி வசதி இல்லை. கணக்கு மென்பொருளோ பெரும்பாலும் விண்டோஸில் மட்டுமே ஓடக்கூடியது. இந்நிலையில் விண்டோஸை நீக்காமலே, அதன் பக்கத்தில் லினக்ஸையும் நிறுவி, இணையத்திற்கும் கடிதப் போக்குவரத்திற்கும் அதனைப் பயன்படுத்தலாம். இது புதுமையன்று. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு அளித்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகள் கண்டிருப்பர்.

ஒரு நிலத்தில் வரப்பிட்டு நெல்லும் பருத்தியும் தனித்தனியே பயிரிடுவது போன்றதே இவ்வேற்பாடு. வட்டின் ஒரு பாகம் விண்டோஸுக்கு, மற்றொன்று லினக்ஸுக்கு. ஒரு சமயத்தில் ஒன்றே இயங்கும். மற்றதற்குச் செல்லக் கணினியை மறுபடி துவக்க வேண்டும்.

முதற்கண் செய்ய வேண்டியது, கணக்குக் கோப்புகளைத் தனியொரு வட்டில் பிரதி எடுத்து, அப்பிரதி திறக்கிறதா என்று வேறொரு கணினியில் சோதிப்பது. இதனை நாம் வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில், நிறுவும்போது ‘வட்டு முழுவதையும் அழித்து நிறுவுக’ என்பதைத் தேர்ந்துவிட்டனர். சிக்கன நிதிப் பேரேடு அடியோடு மறைந்தது. உறுப்பினர்களின் பாஸ் புத்தகங்களை வீடு வீடாகத் திரட்டி, ஈராண்டுக் கணக்கை மீண்டும் எழுத நேர்ந்தது. புத்தகத்தைத் தொலைத்திருந்த மூவரின் தொகையை உறுதி செய்வது பெரும்பாடாயிற்று.

பிரதி எடுத்தபின், வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருப்பின் அதன் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துக. பின்னர் விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியைக் கொண்டே அதன் பாகத்தைச் சுருக்கி, வெற்றிடம் விடுக. உபுண்டுவுக்கு 25 ஜிகாபைட் போதுமெனினும், 50 இருப்பின் நெருக்கடியில்லை. யுஎஸ்பியில் ஏற்றிய லினக்ஸிலிருந்து கணினியைத் துவக்கி, வெற்றிடத்தில் மட்டும் நிறுவுக. துவக்கத்திற்குரிய ஈஎஃப்ஐ பாகத்தை இரண்டும் பகிர்ந்துகொள்ளும். அதனை அழித்தல் கூடாது. முடிந்தபின், எது வேண்டுமென வினவும் கிரப் பட்டியல் துவக்கத்தில் தோன்றும்.

விண்டோஸின் ‘விரைவுத் துவக்கம்’ என்னும் வசதியை நிறுத்திவிடுதல் அவசியம். அது இருக்குமளவும் விண்டோஸ் முற்றிலும் அணைவதில்லை. அரைத் தூக்கத்தில் கிடக்கும் அப்பாகத்தில் லினக்ஸிலிருந்து வலிந்து எழுதினால் கோப்புகள் சிதையக்கூடும். லினக்ஸ் பாகத்தையோ விண்டோஸ் தானாகப் படிக்காது. ஆதலின் இரண்டிற்கும் பொதுவான கடிதங்களை விண்டோஸ் அறியும் என்டிஎஃப்எஸ் முறையிலமைந்த தனிப் பாகத்தில் வைத்தல் நலம்.

சிறியதாயினும் ரசீது போடுபவர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கணினியின் உட்கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் கொள்கின்றன. ஆகவே லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறியதும் நேரம் 5½ மணி பின்தங்கி நிற்கலாம். காலை 10 மணி ரசீதில் 4.30 என்று பதிவாகும். உள்ளூர் நேரத்தையே கொள்ளுமாறு லினக்ஸை ஒரு கட்டளையால் மாற்றிவிடலாம். அதனை நிறுவிய அன்றே, முதல் ரசீதுக்கு முன்பாகச் செய்துவிடுக.