கருவுற்ற காலத்துப் பனிக்குடத் தொற்றும் மருத்துவமும்: சித்தேரி மலைச்சூழலை முன்வைத்து

முன்னுரை

தருமபுரி மாவட்டம் அரூரை அடுத்த சித்தேரி, மலையாளிப் பழங்குடியினர் மிகுதியாக வாழும் கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதியாகும். சிதறிய சிற்றூர்களிலிருந்து மருத்துவமனையை அடையக் காலம் பிடிக்கும். பனிக்குடத் தொற்றிலோ காலத்தாழ்வே பெருங்கேடு.

தொற்றும் அறிகுறிகளும்

பனிக்குடம் உடைந்து நெடுநேரமானால், பிறப்புவழியில் வாழும் நுண்ணுயிரிகள் மேலேறிச் சவ்வுகளையும் பனிநீரையும் தாக்குகின்றன. 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட காய்ச்சல், தாய்க்கும் சேய்க்கும் விரைந்த இதயத்துடிப்பு, அடிவயிற்று நோவு, நாற்றமுடைய கசிவு ஆகியன இதன் அறிகுறிகள்.

மருத்துவம்

ஆம்பிசிலினையும் ஜென்டாமைசினையும் சிரைவழிச் செலுத்துவது வழக்கமான முறை. ஆயினும் தொற்றின் இருப்பிடம் பனிக்குடமே ஆதலால், மகப்பேறு நிகழ்ந்தாலன்றி அது முற்றும் நீங்காது. எனவே, மாதம் நிறையாவிடினும் மகப்பேற்றைத் தள்ளிப்போடுவதில்லை. தொற்று ஒன்றையே காரணமாகக் கொண்டு அறுவை செய்ய வேண்டியதில்லை. வலியைத் தூண்டி இயல்பான மகப்பேற்றுக்கு வழிசெய்யலாம். மாறாக, தொற்றின்றி, மாதம் நிறையுமுன் பனிக்குடம் உடைந்தோருக்குத் தடுப்பாக எரித்ரோமைசின் தருமாறு உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது.

முடிவுரை

வலி எழட்டும் எனக் காத்திருப்பதே மலையூர்களில் இடருக்கு வழிவகுக்கும். பனிநீர் கசிந்த பொழுதே 108 ஊர்தியை அழைத்தலும், தொற்று ஐயுறப்பட்டால் முதல் தவணை மருந்தைச் செலுத்திய பின்னரே மேல்மருத்துவமனைக்கு அனுப்புதலும் தாய்சேய் இருவரையும் காக்கும்.