நம் ஆலையில் புகுந்த திருடன்

சிங்கப்பூரின் வடபகுதியில் ஈசூன் என்றோர் ஊர் உண்டு. ரப்பருக்கும் அன்னாசிக்கும் பேர்போன தோட்ட முதலாளி லிம் நீ சூன் என்பவரின் பெயரே அவ்வூருக்கு வாய்த்தது. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள் நிறைந்திருக்கின்றன. ரப்பர் மரம் போயிற்று. ஏடிஸ் கொசு போகவில்லை. 2020-ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் 35,000-க்கு மேற்பட்டோருக்கு டெங்கிக் காய்ச்சல் கண்டது. அதற்கு மருந்து தேடிய ஒரு முயற்சியை இன்று காண்போம்.

வைரஸ் தனித்துப் பெருக வல்லதன்று. திருடன் ஒருவன் நம் ஆலைக்குள் புகுந்து, நம் உருளையிலேயே பால்கட்டியை அழுத்தி, நம் புகைக்கூடத்திலேயே உலர்த்திக்கொள்வதாக எண்ணிப் பாருங்கள். வைரஸும் நம் உயிரணுவுக்குள் அப்படித்தான் புகுகிறது. அதன் மேலுறைப் புரதங்களில் நம் உயிரணுவே சர்க்கரைத் துணுக்குகளை ஒட்டுகிறது. பிறகு ஒரு நொதி அவற்றின் நுனியை நறுக்குகிறது. அப்போதுதான் புரதம் ஒழுங்காக மடியும்.

வைரஸை விட்டுவிட்டு இந்த நொதியைத் தடுத்தால் என்ன? டெங்கி வைரஸ் நான்கு வகை. நான்குக்கும் ஆலை ஒன்றுதானே! இப்படித் தடுக்கும் மருந்து செல்கோசிவிர். ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் விதையில் உள்ள பொருளிலிருந்து அதை உருவாக்கினார்கள். அது எலிகளைக் காத்தது. 2012, 2013-ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் 50 நோயாளிகளிடம் சோதித்தார்கள். ஒரு சாராருக்கு மருந்து, மறுசாராருக்கு வெற்று மாத்திரை. 2014-இல் முடிவு வெளியாயிற்று. மருந்தால் தீங்கில்லை, ஆனால் காய்ச்சலும் வைரஸும் சொல்லத்தக்க அளவு குறையவில்லை. நமக்கு வேண்டிய புரதங்களும் அதே ஆலையில்தான் உருவாகின்றன. ஆகவே ஆலையை அடியோடு மூடவும் முடியாது.

ஆராய்ச்சி தொடர்கிறது. டெங்கி வைரஸை ஒடுக்கும் மருந்து இன்னும் நம் கைக்கு வரவில்லை. ஆகவே பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் நீரும் கஞ்சியும் அடிக்கடி கொடுங்கள். பாராசிட்டமாலை உரிய அளவில் கொடுக்கலாம். ஆஸ்பிரின், இபுபுரோஃபென் கூடாது. அவை இரத்தக் கசிவை மிகுவிக்கும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்ந்த மயக்கம் கண்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் ஆபத்து நேர்வதுண்டு.

ஈசூன் வட்டாரத்தில் 2016 முதல், வொல்பாக்கியா என்ற நுண்ணுயிர் ஏற்றிய ஆண் கொசுக்களைப் பறக்கவிட்டார்கள். அவற்றோடு சேரும் ஏடிஸ் பெண் கொசுவின் முட்டை பொரியாது. நம்மால் ஆவது அதைவிட எளிது: வாளி, பூச்சாடித் தட்டு, பால் வெட்டாத நாளில் மங்கு ஆகியவற்றில் தேங்கும் நீரைக் கொட்டிக் கவிழ்த்து வைப்போம்.