பால் பைத்தானின் தோல் புண்

கானா, டோகோ, பெனின் நாடுகளின் புல்வெளிகளில் எலி வளைகளுக்கும் கறையான் புற்றுகளுக்கும் உள்ளே பகலைக் கழிக்கும் பாம்பு, பால் பைத்தான். பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சாது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீடுகளில் இது கண்ணாடித் தொட்டிக்குள் வளர்கிறது. அதன் தோலில் காணும் காயங்களில் பெரும்பாலானவை அந்தத் தொட்டி உண்டாக்குபவை. அதனால் மருந்தைத் தேடும்போதே தொட்டியையும் சோதிக்க வேண்டும்.

சூட்டுப் புண்

பாம்பு தன் உடல் சூட்டுக்கு வெளி வெப்பத்தையே நம்பியிருக்கிறது. தொட்டியின் மற்ற மூலைகள் குளிர்ந்து கிடந்தால் வெப்பத் தகட்டின் மேலேயே படுத்திருக்கும். வயிறு வெந்தாலும் விலகாது. செயற்கைச் சூட்டுக்கல் இன்னும் மோசம், ஓரிடத்தில் மட்டும் கொதிக்கும். அதை வாங்காமலிருப்பதே நல்லது.

முதலில் வயிற்றுச் செதில் லேசாகச் சிவந்திருக்கும், அவ்வளவுதான். கொப்புளமும் செதில் கழல்வதும் சில நாள் கழித்தே தெரியும். ஈரம் ஊறிய தரையில் கிடந்து செதில் அழுகும்போதும் இதே சிவப்புதான். எதுவென்று வீட்டிலிருந்தபடி முடிவு கட்ட வேண்டாம்.

எலிக்கடி

உயிருள்ள எலியைத் தொட்டிக்குள் விடுவது வேடிக்கை பார்க்கிறவர்களுக்குத்தான் நல்லது. பாம்புக்குப் பசியில்லை என்றால், எலி அதன் முதுகை எலும்பு தெரியுமளவு கடித்துத் தின்றுவிடும். உறையவைத்து, பின் இளக்கிச் சூடாக்கிய எலி போதும்.

முதலில் செய்ய வேண்டியது

போவிடோன் அயோடினை வெதுவெதுப்பான நீரில், பால் ஊற்றாத இளந்தேநீரின் நிறத்துக்குக் கலந்து காயத்தைக் கழுவுங்கள். மேலோட்டமான காயத்துக்கு மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சில்வர் சல்ஃபாடையசின் களிம்பை மெலிதாகப் பூசலாம். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த களிம்பு எதுவும் கூடாது. நம்மவர் கை மஞ்சள் பொடிக்குப் போகும். புண்ணில் ஒட்டிக் காய்ந்த பொடியை எடுப்பது பெரும்பாடு.

தொட்டியின் தரையில் பரப்பிய மரச்சீவலை அள்ளிவிட்டு, அச்சில்லாத வெள்ளைத் தாளை விரித்துத் தினமும் மாற்றுங்கள். சுட்டுவிட்டதே என்று வெப்பத்தை அடியோடு நிறுத்துபவர்கள் உண்டு. குளிர்ந்த பாம்புக்கு நோய் எதிர்ப்பு குறையும், புண்ணும் ஆறாது. சுட்ட தகட்டை மாற்றி, சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25 முதல் 27 என்று வைத்திருங்கள்.

கொப்புளம், சீழ், துர்நாற்றம், தசை தெரியும் பிளவு எது இருந்தாலும் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோக வேண்டும். செஃப்டாசிடைம் போன்ற ஊசியை அவர் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் போடுவார். பாம்பின் உடலில் மருந்து மெதுவாகவே கழியும் என்பதால்தான் இந்த இடைவெளி.

வராமல் தடுக்க

தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்த வெப்பக் கருவியையும் இணைக்காதீர்கள். அதன் உணரி தகட்டின் மேல் பதிந்திருக்கட்டும். காற்றில் தொங்கினால் தகடு எவ்வளவு சுடுகிறது என்பது அதற்குத் தெரியாது. பல்புக்குக் கம்பிக்கூடு போடுங்கள். மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கும் கம்பிவலைக்குப் பதில் வழுவழுப்பான மூடி நல்லது. ஒளிந்துகொள்ள இறுக்கமான இடம் கிடைத்தால் பாம்பு முட்டி மோதுவதும் குறையும்.

சட்டை உரிக்கும்போது

ஆழமான புண் ஆற மாதங்கள் ஆகும். சில முறை சட்டை உரித்த பிறகே செதில் ஓரளவு சீராகும். தழும்புள்ள இடத்தில் பழைய சட்டை ஒட்டிக்கொள்ளும். அதைப் பிய்க்காதீர்கள், அடியிலுள்ள புதுத்தோலும் கூடவே வந்துவிடும். ஈரப் பாசி வைத்த மறைவிடத்தில் சில மணி நேரம் இருந்தால் பெரும்பாலும் தானே கழலும். கண்ணை மூடிய பழைய செதில் விழாமல் நின்றால் அதில் கைவைக்க வேண்டியவர் மருத்துவர் மட்டுமே.