மேசைக்கு முன் தயங்கி நிற்பவர்

“மருத்துவப் புத்தகமெல்லாம் எந்தப் பக்கம்?” என்று கேட்பவருக்கு அடுக்கைக் கைகாட்டிவிட்டால் பதில் சொன்னதாகிவிடும். அவர் தேடுவதோ, வீட்டில் ஒருவருக்கு வந்திருக்கும் நோயைப் பற்றிப் புரியும்படி எழுதிய நாலு பக்கமாக இருக்கலாம். வாசகர் கேட்பதும் அவருக்கு வேண்டியதும் ஏன் வேறுபடுகின்றன என்பதை அமெரிக்க நூலகவியல் அறிஞர் ராபர்ட் டெய்லர் 1968இல் விளக்கினார். முதலில் அந்தத் தேவை சொல்லில் அடங்காத தவிப்பு; பிறகு மங்கலான நினைப்பு; அப்புறம் ஒரு கேள்வி; கடைசியில், இந்த நூலகத்தில் என்ன கிடைக்கும் என்று அவரே ஊகித்து வெட்டிச் சுருக்கிய கேள்வி. மேசைக்கு வந்து சேர்வது அந்தக் கடைசி வடிவம்தான். ஆகவே வாசகரின் குரலிலும் முகத்திலும் தெரியும் தயக்கத்தைக் கவனித்து மறுகேள்வி கேட்பதை, நூலகரின் நல்ல குணம் என்று பாராட்டி நிறுத்திவிடக் கூடாது. பட்டியல் தயாரிப்பதைப் போல அதுவும் தொழில்திறன்.

அந்தத் தயக்கம் எவ்வளவு பரவலானது என்பதை நூலகவியல் ஆய்வாளர் கான்ஸ்டன்ஸ் மெல்லன் 1986இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நூலகத்தில் தேடிய அனுபவத்தை எழுதிய அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் 75 முதல் 85 விழுக்காட்டினர் தங்கள் முதல் உணர்வை அச்சமாகவே விவரித்தார்கள். மற்றவர்களுக்கெல்லாம் தெரியும், தமக்குத்தான் தெரியவில்லை என்ற வெட்கம்; கேட்டால் அது வெளிப்பட்டுவிடுமே என்ற பயம். எனக்கு மிகவும் உறுத்துவது இந்த இடம்தான். உதவி யாருக்கு அதிகம் வேண்டுமோ அவரே கேட்காமல் திரும்பிப் போகிறார். அவரைக் கண்டுகொள்ளத் தேவையான திறனுக்கு ஒரு பெயர் உண்டு. உளவியலாளர்கள் பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் 1990இல் உணர்வு நுண்ணறிவு என்று வரையறுத்தது, தன் உணர்வையும் பிறர் உணர்வையும் இனங்கண்டு அதற்கேற்ப நடக்கும் திறனை. நூலகத் தொழிலின் அடிப்படை விதியும் அந்தத் திறனைக் கோருகிறது: சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காக்கச் சொல்கிறது. தவறான அடுக்கில் கழியும் அரைமணி நேரமும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

நூலகர் என்ன மனநல ஆலோசகரா என்று கேட்பார்கள். இல்லை; ஆகவும் வேண்டாம். நோயின் பெயரைக் கேட்கலாம், யாருக்கு என்று துருவக் கூடாது. அந்த எல்லையை அறிவதும் இதே திறன்தான். எல்லைக்கு அப்பாலுள்ள துயரங்களுக்காகச் சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் 2009இல் சமூகப் பணியாளர் ஒருவரையே அமர்த்தியது. இன்னொரு மறுப்பு கனமானது: நாள் முழுக்க முகம் மலர்ந்தே இருக்கச் சொன்னால் பணியாளர் உள்ளுக்குள் வற்றிப்போவார். இப்படி முகம் மலர்ந்திருப்பதும் உழைப்புதான் என்பதை, விமானப் பணியாளர்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983இலேயே எடுத்துக்காட்டினார். ஆனால் காதுகொடுத்துக் கேட்பதற்குப் போலிப் புன்னகை தேவையில்லை; நேரம் தேவை. புத்தகம் கொடுப்பது, திரும்ப வாங்குவது, அடுக்குவது, கதவைப் பூட்டுவது எல்லாம் ஒரே ஆள் தலையில் விழும் சிற்றூர் நூலகத்தில் அந்த நேரம் எங்கிருந்து வரும்? சொத்து வரியோடு நூலக வரியும் கட்டும் தமிழ்நாட்டு மக்கள், புதுக் கட்டடம் கேட்கும்போது மேசைக்குப் பின்னால் இன்னொரு ஆளையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.